அண்ணி சுற்றிய இருபது

அந்த ஆய்வுக்கூடத்தில் புகைபிடிக்க ஒருவருக்கும் அனுமதி கிடையாது, ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஆளும் மனிதன் அல்ல, ஓர் இயந்திரம். மேசை நீளத்துக்குக் கிடக்கும் அதற்கு வரிசையாக இருபது வாய்கள். வாய்க்கொரு சிகரெட்டைச் செருகிப் பற்றவைத்துவிட்டால் போதும். நிமிடத்துக்கு ஒரு தரம், கணக்காக இரண்டு விநாடி இழுத்துவிட்டு, அடுத்த நிமிடம் வரும்வரை பொறுமையாக இருக்கும். இருமாது. 'இதுதான் கடைசி' என்று பொய் சொல்லாது. அங்கே வேலை பார்த்தவர்கள் அதற்கு 'தாத்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள். "தாத்தாவுக்கு இன்னிக்கு எத்தனை?" என்று ஒருவர் கேட்டால், சோதனைக்கு எத்தனை சிகரெட் வந்திருக்கிறது என்று பொருள்.

தாத்தாவுக்கு ஊட்டிவிடுகிற வேலை சின்னவளுடையது. நாற்பது தாண்டியவளைச் சின்னவள் என்று கூப்பிடுவது கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவளுக்கு ஓர் அண்ணன். அவளைவிடப் பதினொரு வயது மூத்தவன். அவன் பெரியவன் என்றால் இவள் சின்னவள்தானே. அப்பாவும் அம்மாவும் ஒரு வருட இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டபோது அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போட்டதும், பள்ளிக்கூடத்துப் படிவத்தில் பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "என் பொழப்பைப் பாரு. லிஃப்ட் ஓடறப்ப என்னை யாரும் கூப்பிடறதில்லை. கெட்டுப்போனா மட்டும் கூப்பிடறாங்க. அப்ப நான் பத்து மாடியும் நடந்துதானே ஏறணும்?" என்று சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சிமாடி வரை ஏறி, அங்கே மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது இருபது.

அண்ணி வந்தபோது சின்னவளுக்குப் பதினான்கு வயது. அண்ணி கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். ஆறு மீட்டர் துணியை அளவுநாடா இல்லாமல் மடித்து, நூல் பிடித்த மாதிரி நேராக ஓட்டிவிடுவாள். அவளுக்கும் அண்ணனுக்கும் குழந்தை பிறக்கவில்லை. 'எங்களுக்குத்தான் ரெடிமேடா ஒண்ணு இருக்கே' என்று சின்னவளைக் காட்டிச் சொல்வாள். சின்னவளுக்குக் கல்யாணம் அமையவில்லை; அவளும் அதற்காக அலையவில்லை. வேலை கிடைத்த பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினாளே தவிர, வீடு என்று அவள் வாயில் வந்தால் அது அண்ணன் வீடுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது. செய்ததெல்லாம் சோதனைக்குழாய் கழுவுகிற வேலை. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கழுவினாள். அந்தக் கோட்டோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி, "டாக்டரம்மா வந்தாச்சு!" என்றான். அன்று அவன் இருமிய இருமலைப் பார்த்து அவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. என்றைக்கோ பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்ததை எடுத்துச் சொன்னாள்.

"பாக்கெட் சிகரெட்லதான்ணா என்னென்னமோ கலக்கறாங்க. பிடிச்சே ஆகணும்னா கையில சுத்திப் பிடிக்கறது எவ்வளவோ தேவலை. அது வெறும் இலை. நிகோடினும் கம்மி."

அவ்வளவுதான் சொன்னாள். வெள்ளைக் கோட்டு மீதியைச் சொல்லிவிட்டது.

அண்ணன் அடுத்த வாரமே பாக்கெட்டை நிறுத்தினான். புகையிலைத் தூளும் தாளும் வாங்கிவந்தான். ஆனால் அவன் விரல்கள் ஸ்பேனர் பிடிக்கிற விரல்கள். முதல் நாள் சுற்றியது நடுவில் பருத்து, இரண்டு பக்கமும் வாலாகத் தொங்கியது. அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுங்க இப்படி" என்று வாங்கி மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவதிலேயே கை பழகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் பன்னிரண்டு. தண்ணீரில் நனைத்த பஞ்சுத்துண்டால் தாளின் ஓரத்தை ஒற்றி ஒட்டுவாள். எச்சில் வைக்க மாட்டாள். தூள் நாக்கில் வந்து ஒட்டுகிறது என்று அவன் ஒருநாள் சொன்னதற்காக, தீக்குச்சியால் இரண்டு முனையிலும் குத்திக் குத்தி இறுக்கி அடைத்தாள். முனையில் பஞ்சு வைத்தால் இழுக்க வரவில்லை என்றான். பஞ்சு வைப்பதை விட்டாள். ஒரு தகர டப்பாவில் அடுக்கி, அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்புவாள்.

"இருபதை நிறுத்திப் பன்னெண்டு ஆக்கிட்டோம், அதுவும் கலப்படம் இல்லாம" என்று அண்ணி யாரிடமும் சொல்வாள். "எங்க சின்னவ சொல்லித்தான். லேப்ல இருக்கறவ சொன்னா சும்மாவா?"

பதினேழு வருடம் இப்படி ஓடியது. சின்னவள் குழாய் கழுவுகிறவளிலிருந்து உதவியாளராகி, பிறகு தாத்தாவின் முழுப் பொறுப்பாளரானாள். பாக்கெட் சிகரெட்டுகளை ஆயிரக்கணக்கில் எரித்து அளந்தாள். கையில் சுற்றியதை ஒருவரும் சோதனைக்கு அனுப்பவில்லை. அவளும் அளந்து பார்க்க நினைக்கவில்லை. நினைக்காமலேயே இருந்தாளா, நினைப்பு வந்தபோதெல்லாம் தள்ளிவிட்டாளா என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கையால் சுற்றுகிற சிகரெட்டில் நிகோடின் எவ்வளவு, கடைச் சிகரெட்டில் எவ்வளவு என்று அளந்து ஒப்பிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். சுற்றுகிறவர்கள் தங்கள் வழக்கப்படி சுற்றியதையே சோதிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் தலைமை வேதியியலாளரை எல்லோரும் சார் என்றுதான் அழைப்பார்கள். அவர் எல்லோரையும் கூட்டி, "தெரிஞ்சவங்ககிட்ட ஆளுக்கு இருபது வாங்கிட்டு வாங்க. எட்டுப் பேர் போதும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் போய்க் கேட்டதும் அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"என் சிகரெட்டா? பரீட்சைக்கா?"

"ஆமா அண்ணி. எப்பவும் போல சுத்துங்க, போதும். ஸ்பெஷலா எதுவும் வேண்டாம்."

"நான் எப்பவுமே ஸ்பெஷலாத்தான் சுத்தறேன்" என்றாள் அண்ணி. தைக்கிற துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். "முதல் பரிசு என்ன குடுப்பாங்க?"

"ஏழு பேரைத் தோற்கடிச்சா சொல்றேன்."

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான்: "அடியே, என் பங்குல கை வைக்காதீங்க! இன்னிக்கு முப்பத்திரண்டு சுத்தணும், ஞாபகம் இருக்கட்டும்!"

வந்த மாதிரிகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டார்கள். அண்ணியுடையது எட்டு. இரண்டு நாள் ஒரே ஈரப்பதத்தில் பெட்டியில் வைத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாக எடை போட வேண்டும். மற்ற ஏழு பேருடையதும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரியே இல்லை. ஒன்று எலிவால், ஒன்று கட்டைவிரல். ஒரே ஆள் சுற்றியதிலேயே ஒன்றுக்கு மற்றது பாதிதான் இருந்தது. எட்டாம் எண்ணை எடை போடத் தொடங்கியதும் சார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். இருபதும் ஒரே எடை. கடைசிப் புள்ளியில்தான் சற்றே வித்தியாசம்.

"இது கையால சுத்தினதா?"

"எங்க அண்ணி சார்."

"அவங்களை இங்கே கூட்டிட்டு வந்துடுங்கம்மா. ஃபாக்டரி மெஷின்கூட இவ்வளவு ஒழுங்கா சுத்தாது."

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுகூட அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அண்ணியிடம் போய் இதை எப்படிச் சொல்வது, சொன்னால் அவள் எப்படித் தலையை ஆட்டுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

தாத்தா இழுக்கிற புகை ஒவ்வொரு வாய்க்குப் பின்னாலும் ஒரு வெள்ளை வட்டத்தட்டின் வழியாகப் போகும். கண்ணாடி இழையில் செய்த, பிஸ்கட் அளவுத் தட்டு. புகையில் இருப்பதெல்லாம் அதில் தங்கிவிடும். பாக்கெட் சிகரெட்டுக்கு அது வெளிறிய மஞ்சளாகும். சுற்றியவற்றில் சில அதே மஞ்சள், சில கொஞ்சம் கூடுதல். எட்டாம் எண் தட்டுகளை அவள் இடுக்கியால் வெளியே எடுத்தபோது அவை கடுங்காபி சிந்திய துணி மாதிரி இருந்தன. இருபதும் ஒரே பழுப்பு.

தட்டுகளைக் கரைப்பானில் ஊறவைத்து, கருவியில் செலுத்தி, நிகோடினைப் பிரித்து அளந்தாள். கடைச் சிகரெட்டுக்குச் சராசரி ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, பூஜ்யம் புள்ளி எட்டு. சுற்றிய ஏழும் அதைச் சுற்றியே முன்பின்னாக வந்தன. அதிகபட்சம் ஒன்று புள்ளி மூன்று. எட்டாம் எண், ஒன்று புள்ளி ஒன்பது. அவள் மறுபடி செலுத்தினாள். ஒன்று புள்ளி ஒன்பது. எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் சார். "பஞ்சு இல்ல. பாக்கெட்ல பஞ்சைச் சுத்திப் பொடிப் பொடியா ஓட்டை இருக்கும், காத்து கலக்கறதுக்கு. இதுல அதுவும் இல்ல. தூளை இந்த அளவுக்கு இறுக்கி அடைச்சா வேற எப்படி வரும்? தாரும் இதே கணக்குல கூடித்தான் இருக்கும். நிகோடின் ஆளைப் பிடிச்சு வைக்கும். கொல்றதெல்லாம் அதுகூட வர்ற தார்தான்." அப்புறம்தான் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "இதைப் பிடிக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பாரு?"

"பன்னெண்டு சார்."

அவர் அந்த எண்ணையே மறுபடி பார்த்தார். கணக்கு அவளுக்கும் தெரியும். இந்தப் பன்னிரண்டு, பாக்கெட் சிகரெட் இருபத்தெட்டுக்குச் சமம். அண்ணன் பாக்கெட்டில் பிடித்ததே இருபதுதான்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு அண்ணன் வேலை செய்கிற இடத்துக்குப் போனாள். ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. படியேறிப் போனவள் ஏழாவது மாடித் திருப்பத்தில் அவனைப் பார்த்தாள். கருவிப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"என்ன, உங்க தாத்தாவுக்கு லிஃப்ட் மாட்டணுமாமா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணையும் சொன்னாள். அவன் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, அடுக்கியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம், எவ்வளவு அழகா சுத்தியிருக்கா" என்றான்.

"நான் சொல்லித்தானேண்ணா. எனக்கு அப்ப ஒரு மண்ணும் தெரியாது. குழாய் கழுவிட்டிருந்தேன்."

"நீ சொன்னதை நான் ஏன் உடனே நம்பினேன் தெரியுமா? எனக்கு அது வசதியா இருந்துச்சு. விடச் சொல்லாம, வேற மாதிரி பிடிக்கச் சொன்னே. நம்பாம என்ன பண்ணுவேன்?" டப்பாவை மூடினான். "அவகிட்ட மட்டும் சொல்லாத."

"அண்ணிக்குத் தெரிஞ்சாத்தானே..."

"வேண்டாம்மா. தன் கையாலேயே எனக்குக் கெடுதல் பண்ணிட்டேன்னு உடைஞ்சு போயிடுவா. ஒரு மாசம் டைம் குடு. நானா விட்டுடறேன். நான் விட்டுட்டா அவ சுத்தவும் வேண்டாம், நீ சொல்லவும் வேண்டாம்."

அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டபோது அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணியின் மேல் இருவருக்கும் இருந்த பிரியம்தான் அப்படிப் பேச வைத்தது. சின்னவள் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு அண்ணி கதவைத் திறந்ததுமே கேட்டாள்: "என்ன ஆச்சு ரிசல்ட்?"

"சார் அசந்து போயிட்டாரு அண்ணி. இருபதும் ஒரே எடை. உங்களை வேலைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

சொன்னதில் பொய் இல்லை. அண்ணி அதைக் கீழ்வீட்டுக்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் தபால்நிலையத்தில் குமாஸ்தா. அதற்கப்புறம் அவள் இன்னும் கவனமாகச் சுற்றினாள்.

அண்ணன் முயற்சி செய்யாமல் இல்லை. முதல் இரண்டு வாரம், டப்பாவோடு வெளியே போய், கட்டடத்துக் காவலாளிகளுக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டுக் காலி டப்பாவோடு வீடு திரும்பினான். டப்பா காலியாக வந்ததால் அண்ணி மறுநாளும் நிரப்பினாள். பதினைந்தாம் நாள் ஒரு லிஃப்ட், ஆட்களோடு இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. நாலு மணி நேரம் போராடி எல்லோரையும் வெளியே எடுத்தான். எடுத்து முடித்த கையோடு ஒன்று பற்றவைத்தான். அதோடு போயிற்று. 'இந்த மாசம் போகட்டும்' என்றான். மழை முடியட்டும் என்றான். சின்னவள் முதலில் வாராவாரம் கேட்டாள், பிறகு மாதம் ஒரு தரம். கேட்டால் அவனுக்குச் சங்கடம், கேட்காவிட்டால் அவளுக்குச் சங்கடம். நாளாக ஆக, கேட்காமலிருப்பது பழகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் அவனால் மூன்றாம் மாடியைத் தாண்ட முடியவில்லை. படம் எடுத்தார்கள், ஊசி குத்தித் திசு எடுத்தார்கள். புற்றுநோய், நுரையீரலில்தான். வலது பக்கம் முழுக்கப் பரவியிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கட்டிலருகே நின்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எத்தனை வருடமாகப் புகைப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வகை.

அண்ணி முந்திக்கொண்டு சொன்னாள்: "பாக்கெட் இல்ல டாக்டர். பத்தொன்பது வருஷமா கையில சுத்தினதுதான். நான்தான் சுத்திக் கொடுப்பேன்."

டாக்டர் எழுதிக்கொண்டே, "அதுல இன்னும் கூடுதலாத்தான் போகும்மா உள்ளே" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி ஒன்றும் இல்லை. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

அண்ணி திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். "என்னடி சொல்றாரு இவரு? நீதானே அளந்து பார்த்தே. சொல்லு."

கட்டிலில் கிடந்த அண்ணனும் அவளைப் பார்த்தான். மூக்கில் குழாய். தலையை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான்.

"அவரு பொதுவா சொல்றாரு அண்ணி" என்றாள் சின்னவள். "ஒவ்வொருத்தர் சுத்தறது ஒவ்வொரு மாதிரி."

"அதானே" என்று அண்ணி போர்வையைச் சரிசெய்தாள்.

ஏழு மாதம் இருந்தான். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு மத்தியானம், அண்ணி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், சின்னவளின் விரலைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். இருமல் வந்து அதை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் அவன் தூங்கிவிட்டான். என்ன சொல்ல வந்தான் என்று எழுப்பிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டான். ஐம்பத்துநாலு வயது.

எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் சின்னவள் போனபோது, அண்ணி அண்ணனின் நீலச் சீருடைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அந்தத் தட்டு இருந்தது. தூளும் தாளும் இருந்தன. ஏழெட்டு சுற்றி அடுக்கியிருந்தாள்.

"எதுக்கு அண்ணி இது?"

"மிச்சம் ரெண்டு பொட்டலம் தூள் கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் பாக்கெட் பாக்கெட்டா ஊதறாரு, பாவம். அவருக்கு ரெண்டு பொண்ணுங்க வேற. இதையாவது பிடிங்கன்னு குடுக்கலாம்னு." அண்ணி ஒரு சட்டையின் கையை மடித்தாள். "உங்க அண்ணனைக் காப்பாத்த முடியல. ஆனா என் கையால அவருக்குக் கெடுதல் பண்ணலங்கற ஒண்ணுதான் எனக்கு இப்ப ஆறுதல்."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குடுக்காதீங்க அண்ணி. அதுல பாக்கெட்டைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்கு."

"எதுல?"

"நீங்க சுத்தினதுல. நான் அளந்தேன். அந்த இருபதையும்."

அண்ணியின் கைகள் சட்டைமேல் அப்படியே நின்றன. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அப்பவே. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அவருக்கு?"

"தெரியும். அண்ணாதான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, தினமும் காலையில நான் உட்கார்ந்து சுத்தறதைப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க."

"அண்ணி, முதல்ல சொன்னதே நான்தான். தப்பு முழுக்க என்னுது. நீங்க என்ன பண்ணுவீங்க..."

"நீ அன்னிக்குச் சொன்னது தெரியாம சொன்னது. அதை விடு. தெரிஞ்ச பிறகு ஏன்டி சொல்லல?" இப்போதுதான் குரல் உடைந்தது. "சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே. அவர் காலைப் பிடிச்சிருந்தாலும் ஒண்ணு சுத்தியிருக்க மாட்டேன். அவருக்கோ சுத்தத் தெரியாது. கோபத்துல கத்தியிருப்பாரு. தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. நாலு நாள் பேசாம இருந்திருப்பாரு. இருந்திருப்பாரேடி! பேசாமலாவது இருந்திருப்பாரே!"

சின்னவள் எழுந்து அவள் தோளைத் தொடப் போனாள். அண்ணி தள்ளிவிடவில்லை. விலகி நின்றாள். மேசையில் அடுக்கியிருந்த ஏழெட்டையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, தூளைத் தட்டில் கொட்டினாள். கடைசியையும் பிரித்துவிட்டு, "நீ போ" என்றாள்.

அதன்பிறகு நாலு மாதம் பேச்சில்லை. சின்னவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கதவைத் தட்டுவாள். உள்ளே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் நிற்கும், கதவு திறக்காது. கொஞ்சநேரம் கழித்து இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும். அவள் படியிறங்கி வந்துவிடுவாள்.

பிறகு ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஆய்வுக்கூட வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். "உங்களைப் பார்க்க ஒரு அம்மா வந்திருக்காங்க. அண்ணின்னு சொல்றாங்க."

அண்ணி இளைத்திருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த மெஷினை நான் பார்க்கணும்" என்றாள், வேறெதுவும் பேசாமல்.

சாரிடம் கேட்டு அனுமதி வாங்கி உள்ளே அழைத்துப் போனாள். சார் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு, அவர்களைத் தனியாக விட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பாக்கெட் சிகரெட் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தாள். நிமிடத்துக்கு ஒரு தரம் இருபது முனைகளும் ஒன்றாகச் சிவந்து ஒன்றாக மங்கின. ஒரு சிகரெட் முழுதும் எரிந்து முடிகிற வரைக்கும் அவள் அசையவில்லை.

"இதுலதான் வச்சியா?"

"ஆமா அண்ணி."

"எங்கே பிடிக்கும், புகையில இருக்கறது?"

சின்னவள் ஒரு தட்டை இடுக்கியால் எடுத்துக் காட்டினாள். வெளிர் மஞ்சள்.

"இது பாக்கெட்டுக்கு. என்னோடது?"

அந்தத் தட்டுகளை எப்போதோ கரைப்பானில் ஊறவைத்துக் கழித்தாகிவிட்டது. ஆனால் அறிக்கையோடு வைத்திருந்த படம் இருந்தது. அலமாரியிலிருந்து அறிக்கைக் கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். எட்டு வட்டங்கள். எட்டாவதின் மேல் அண்ணி விரலை வைத்தாள். எடுக்காமல் வைத்திருந்தாள்.

"இதை எங்கிட்ட காட்டியிருந்தா போதுமே" என்றாள். "நீ எதுவும் சொல்லக்கூட வேண்டாம். துணி தைக்கறவடி நான். எனக்கு மஞ்சளுக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாதா?"

சின்னவள் கோப்பை மூடவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. அண்ணி பார்த்தாள். அழாதே என்று சொல்லவில்லை, தானும் அழவில்லை.

அண்ணி கிளம்பியபோது சின்னவளும் கூடவே போனாள். பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் கைப்பையை வைத்து உட்கார்ந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா அண்ணி?"

அண்ணி தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வா. எனக்கும் வேற யாரு இருக்கா? ஆனா ஒண்ணு, அவரைப் பத்தி எங்கிட்ட பேசாத. நீ பேசினா, நீ சொன்னதும் சொல்லாததும் எல்லாம் சேர்ந்து வருது."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இப்போது சின்னவள் ஞாயிறுதோறும் போகிறாள். கதவு திறக்கிறது. அண்ணி தேநீர் போடுகிறாள். ஜன்னல் கொக்கி இறுகிப்போனதைப் பற்றிப் பேசுகிறார்கள், கடைக்காரர் கேட்ட நீலத்துணி கிடைக்காததைப் பற்றி, கீழ்வீட்டுக்காரரின் மூத்த பெண்ணுக்கு வேலை கிடைத்ததைப் பற்றி. சின்னவள் ஓரம் பிரித்துக் கொடுக்கிறாள், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறாள். சில சமயம் அண்ணி ஏதோ நினைப்பில் சிரித்துவிடுவாள். எதற்கு என்று சின்னவளுக்குத் தெரியும். அவளுக்கும் அதே நினைப்புதான் வந்திருக்கும். இருவரும் துணியைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

அண்ணா என்று வாய்விட்டுச் சொல்லி அவனைப் பற்றிப் பேச அவளுக்கு உலகத்தில் அந்த ஒரு வீடுதான். அங்கேதான் பேசக்கூடாது.